தராசு பேசாதபோதும் திரை உறையாதிருக்க: யூஎஸ்பி சீரியல் சாதனத்தை நொன்-பிளொக்கிங் முறையில் வாசித்தல்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாக விற்கும் கடையொன்றில், மின்னணுத் தராசு ஒன்று கணினியுடன் இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தராசின் பின்புறத்து ஆர்எஸ்-232 என்னும் சீரியல் (தரவைப் பிட்டு பிட்டாக வரிசையில் அனுப்பும்) இணைப்பியிலிருந்து வரும் வயர், சிறிய மாற்றி ஒன்றின் வழியாகக் கணினியின் யூஎஸ்பி துறையில் செருகப்பட்டிருக்கிறது. பற்றுச்சீட்டுப் போடும் மென்பொருள் அந்தத் துறையிலிருந்து எடையை வாசித்துக்கொள்கிறது. தராசு எடையை அனுப்பிக்கொண்டிருக்கும்வரை குறையொன்றும் தெரியாது. யாராவது தராசை அணைத்துவிட்டாலோ வயர் தளர்ந்துவிட்டாலோ திரை முழுவதும் உறைந்துவிடும். விலையைத் திருத்தவும் முடியாது, அடுத்த வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்கவும் முடியாது. மென்பொருளின் ஒரே இழை (கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் ஓட்டம்), துறையை வாசிக்கும் 'ரீட்' அழைப்பினுள் நின்று, வராத பைட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

அழைப்பு காத்துநிற்காதபடி, அதாவது நொன்-பிளொக்கிங் முறையில் இயங்கும்படி, ஒரு கொடியை (ஓர் அமைவுக் குறியை) இட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கொடி இடுவது ஒரு வரி வேலைதான். அதற்குப் பின்னர் 'ரீட்' தரும் விடைகளைச் சரியாகப் பிரித்தறிவதிலேயே முழு உழைப்பும் இருக்கிறது. தரவு வந்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றுமில்லை, சாதனமே போய்விட்டது என்னும் மூன்று விடைகளுள் பின்னைய இரண்டையும் ஒன்றாகக் கருதும் செய்நிரல் உறையாது. ஆனால் கழற்றப்பட்ட தராசின் கடைசி எடையை நாள்முழுவதும் காட்டிக்கொண்டிருக்கும். அதைவிட உறைந்த திரையே மேல் என்பேன், ஏனெனில் அங்கு ஏதோ தவறென்று எல்லோருக்கும் தெரியும். கீழே வருவன பெரும்பாலும் லினக்ஸ் பணிசெயல் முறைமையையும், சி அல்லது பைதன் மொழியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

துறையைத் திறப்பதற்கு முன்

எஃப்டிடிஐ, சிஎச்340, சிபி2102 போன்ற சில்லுகளைக் கொண்ட மாற்றிகள் லினக்ஸில் டெவ் கோப்பகத்தினுள் டிடிவை-யூஎஸ்பி0 என்னும் பெயரிலும், ஆர்டுயினோ ஊனோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் டிடிவை-ஏசிஎம்0 என்னும் பெயரிலும் தோன்றும். இறுதியிலுள்ள இலக்கம் செருகப்பட்ட ஒழுங்கைப் பொறுத்து மாறக்கூடியது என்பதால், அப்பெயரைச் செய்நிரலில் நிரந்தரமாக எழுதிவிடலாகாது. டெவ் கோப்பகத்தின் கீழ் 'சீரியல்' என்பதனுள் உள்ள 'பை-ஐடி' இணைப்புகள் சாதனத்தின் தயாரிப்பாளர் பெயரையும் தொடரிலக்கத்தையும் கொண்டு அமைவதால் அவற்றைப் பயன்படுத்துவது நல்லது. மலிவான சிஎச்340 மாற்றிகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தொடரிலக்கம் கிடையாது. அத்தகைய இரண்டை ஒரே கணினியில் செருகினால் 'பை-ஐடி' அவற்றை வேறுபடுத்தாது. அப்போது எந்த யூஎஸ்பி துளையில் செருகப்பட்டது என்பதைக் கொண்டு பெயரிடும் 'பை-பாத்' இணைப்புகளை நாட வேண்டியிருக்கும்.

அனுமதி மறுக்கப்பட்டால், டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04 இல் சிஎச்340 மாற்றி செருகியவுடன் தோன்றி மறைந்தால், பிரெயில் திரைகளுக்கான 'பிஆர்எல்டிடிவை' என்னும் சேவை அதனைத் தன் சாதனமெனக் கருதிக் கைப்பற்றியிருக்கக்கூடும். பிரெயில் திரை பயன்படுத்தாத கணினியில் அச்சேவையை நீக்கிவிடலாம்.

திறத்தலும் நிலைப்படுத்தலும்

கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' அழைப்பில் வாசிப்பு-எழுத்துக் கொடியுடன் 'ஓ-நோசிடிடிவை', 'ஓ-நொன்பிளொக்' ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும். முதலாவது, இந்தத் துறை செய்நிரலின் கட்டுப்பாட்டு முனையமாக மாறிவிடாதபடி காக்கிறது. இரண்டாவதை வாசிப்பின் பொருட்டு மட்டும் இடுவதாக நினைப்பது பொதுவான பிழை. மோடம் சமிக்ஞைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் 'சி-லோக்கல்' என்னும் அமைவு இல்லாத நிலையில், பழைய மோடம் காலத்து வழக்கப்படி, இணைப்பு கிடைத்துவிட்டதென்று காட்டும் கரியர் சமிக்ஞை எதிர்முனையிலிருந்து வரும்வரை 'ஓப்பன்' அழைப்பே காத்துநிற்கக்கூடும். மூன்றே கம்பிகள் கொண்ட தராசு வயரில் அந்தச் சமிக்ஞை வரப்போவதில்லை. எனவே திறக்கும்போதே இக்கொடியை இட்டு, பின்னர் 'சி-லோக்கல்', தரவு பெறுவதை இயக்கும் 'சி-ரீட்' ஆகியவற்றை அமைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பைட்டுகளை எந்த மாற்றமுமின்றி அப்படியே தரும் மூலநிலைக்குத் துறையை மாற்ற வேண்டும். லினக்ஸ் ஒவ்வொரு சீரியல் துறையையும் ஒரு மனிதர் தட்டச்சிடும் முனையமாகவே கருதித் தொடங்குவதால், இயல்புநிலையில் வரி முடிவு வரும்வரை எதையும் தராது. 13 ஆம் எழுத்தை (வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி) 10 ஆக (புதுவரிக் குறி) மாற்றும். 17, 19 ஆகிய மதிப்புடைய பைட்டுகளை அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் ஓட்டக் கட்டுப்பாட்டு ஆணைகளாக எடுத்து விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த எழுத்துகளைச் சாதனத்துக்கே எதிரொலிக்கும். தன் சொற்களையே ஆணைகளாகத் திரும்பப் பெற்றுக் குழம்பும் சாதனங்கள் உண்டு. 'சிஎஃப்-மேக்-ரோ' என்னும் சார்பு இவையனைத்தையும் ஒரே அழைப்பில் நீக்கிவிடும். ஆயினும் அது தரவுப் பிட்டுகளை எட்டாகவும் பரிட்டியை (பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புப் பிட்டை) இல்லாததாகவும் மாற்றிவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தராசுகளுள் வினாடிக்கு 2400 பிட்டு வேகத்தில், 7 தரவுப் பிட்டுகளும் இரட்டைப் பரிட்டியும் கொண்டு பேசுவன இன்றும் இருக்கின்றன. கைநூலைப் பார்த்து, மூலநிலைக்கு மாற்றிய பின்னரே அவற்றை அமைக்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் அர்த்தமற்ற எழுத்துகள் வரும். பரிட்டி பொருந்தாவிட்டால் சில எழுத்துகள் மட்டும் பிறழ்ந்து வரும்.

இனி, இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் அமைவு. 'வி-மின்', 'வி-டைம்' என்னும் இரு மதிப்புகளுள் முன்னையது ஒரு வாசிப்புக்குத் தேவையான குறைந்தபட்சப் பைட்டுகளையும், பின்னையது வினாடியின் பத்திலொரு பங்குகளில் காலத்தையும் குறிக்கின்றன. இரண்டையும் பூச்சியமாக வைத்தால் வாசிப்பு காத்துநிற்காது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது; அது உண்மைதான். ஆனால் அவ்வமைவில் தரவு இல்லாதபோது லினக்ஸ் பூச்சியத்தைத் திருப்பித் தரும். வயர் பிடுங்கப்பட்டபோதும் பூச்சியமே வரும். முன்னே சொன்ன இரண்டாம் விடையும் மூன்றாம் விடையும் இங்கு கலந்துவிடுகின்றன. 'ஓ-நொன்பிளொக்' கொடியுடன் 'வி-மின்' மதிப்பை 1 ஆகவும் 'வி-டைம்' மதிப்பைப் பூச்சியமாகவும் வைத்தால், தரவு இல்லாதபோது 'ரீட்' எதிர் ஒன்றைத் தந்து, பிழைக்குறியாக 'ஈ-அகெய்ன்' (பிறகு மீண்டும் முயல்க) என்பதை விட்டுச்செல்லும். பூச்சியம் வந்தால் சாதனம் போய்விட்டது என்று உறுதியாகக் கொள்ளலாம். கொடியும் இவ்விரு மதிப்புகளும் ஒன்றாக இருக்கும்போது எது மேலோங்கும் என்பதை, யூனிக்ஸ் வகை முறைமைகளுக்குப் பொதுவான பொசிக்ஸ் தரநிலை திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆகையால் வேறு யூனிக்ஸ் முறைமைகளுக்கு இச்செய்நிரலைக் கொண்டுசெல்பவர்கள் அங்கு மீண்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பதற்கு ஓரிடம்

கொடியை இட்ட பின்னர், முடிவிலா லூப் ஒன்றினுள் 'ரீட்' அழைப்பை இடைவிடாது அழைத்துக்கொண்டிருப்பது, பொங்காத பாலின் மூடியை நொடிக்கொருமுறை திறந்து பார்ப்பதற்கு ஒப்பானது. செயலியின் ஒரு கரு முழுவதும் அதிலேயே செலவாகும். இடையே சிறு உறக்கத்தைச் சேர்த்தால் அச்செலவு குறையும், ஆனால் ஒவ்வொரு எடையும் அவ்வளவு தாமதமாகும். காத்திருப்பை 'ரீட்' அழைப்பிலிருந்து எடுத்து, பல சாதனங்களையும் கடிகாரத்தையும் ஒருசேரக் கவனிக்கக்கூடிய 'போல்' என்னும் முறைமை அழைப்பிடம் ஒப்படைப்பதே முறையான வழியாகும். தராசின் கோப்பு விவரிப்பி (திறந்த துறையைக் குறிக்க 'ஓப்பன்' தரும் எண்), பட்டைக்குறி வாசிப்பானின் விவரிப்பி, வலையமைப்பு இணைப்பு ஆகியவற்றை ஒரே பட்டியலில் இட்டு, அடுத்து செய்ய வேண்டிய வேலை வரையிலான மில்லிவினாடிகளைக் கால எல்லையாகக் கொடுத்தால், எது முதலில் நிகழ்கிறதோ அதற்காகச் செய்நிரல் விழித்துக்கொள்ளும்.

விழித்தவுடன் எந்தக் கொடி எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரவு வந்திருப்பதைச் சொல்லும் 'போல்-இன்' எழுந்திருந்தால் போதிய அளவுள்ள பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) ஒன்றைக் கொடுத்து ஒருமுறை வாசித்தால் போதும். எஞ்சியது இருந்தால் அடுத்த சுற்றில் 'போல்' உடனே திரும்பிவிடும். 'போல்' அழைப்பின் மாற்றான 'ஈபோல்' அழைப்பை, புதிய தரவு வரும்போது மட்டும் அறிவிக்கும் விளிம்புத் தூண்டல் முறையில் பயன்படுத்துபவர்கள் மட்டும் 'ஈ-அகெய்ன்' வரும்வரை வாசித்து முடிக்க வேண்டும். இல்லையேல் எஞ்சிய பைட்டுகள் புதிய தரவு வரும்வரை உள்ளேயே கிடக்கும். 'போல்-ஹப்' அல்லது 'போல்-எரர்' எழுந்தால் சாதனம் கழன்றுவிட்டது. 'போல்-இன்' எழுந்திருந்தும் 'ஈ-அகெய்ன்' வருவது அரிதாக நிகழலாம். அதைப் பிழையாகக் கொள்ளாமல் லூப்பின் தலைக்குத் திரும்பிவிட வேண்டும். சமிக்ஞையால் இடைமறிக்கப்பட்டதைச் சொல்லும் 'ஈ-இன்டர்' என்பதற்கும் இதுவே விதி.

பைட்டுகள் வரிகள் அல்ல

ஒரு வாசிப்பு ஒரு முழுச் செய்தியைத் தரும் என்ற எதிர்பார்ப்பு, காத்துநிற்காத வாசிப்பில் பணத்தை இழக்கவைக்கும் பிழையாகிறது. தராசு 125.50 என்று அனுப்பும்போது முதல் வாசிப்பில் 12 மட்டும் வந்து, மிகுதி அடுத்த வாசிப்பில் வரக்கூடும். இடையில் அவசரப்பட்டு எண்ணாக மாற்றினால் 125 கிலோ வெங்காயம் 12 கிலோவாக விற்கப்படும். வேறொரு வேளையில் ஒரே வாசிப்பில் இரண்டரை வரிகள் வந்துசேரும். 9600 வேகத்தில், எட்டுத் தரவுப் பிட்டுகளுடன் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்ந்து ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட்டுகள் என்பதால், வினாடிக்கு 960 பைட்டுகளே கம்பியில் ஓடுகின்றன. விழித்தெழும் செய்நிரல் அதனிலும் பன்மடங்கு வேகமானது. ஆகையால் துண்டுகளாக வருவதே இயல்பு, முழுதாக வருவதே தற்செயல்.

எனவே ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சேகரிப்புப் பஃபர் வேண்டும். வந்த பைட்டுகளையெல்லாம் அதன் வாலில் சேர்த்து, வரி முடிவுக் குறி தென்படுகிறதா என்று தேடி, தென்பட்டால் அதுவரையுள்ள பகுதியை ஒரு வரியாக வெட்டியெடுத்து, மிகுதியை அங்கேயே விட்டுவைக்க வேண்டும். ஒரே சேர்ப்பில் பல வரிகள் இருக்கலாம் என்பதால் இத்தேடலைக் குறி தீரும்வரை தொடர வேண்டும். பஃபருக்கு ஓர் உச்ச அளவையும் வைக்க வேண்டும். வேகம் தவறாக அமைக்கப்பட்ட துறையிலிருந்து வரி முடிவே வராது குப்பை மட்டும் வந்துகொண்டிருந்தால், உச்ச அளவில்லாத பஃபர் நினைவகம் முழுவதையும் தின்றுவிடும். ஜிபிஎஸ் கருவிகள் பேசும் என்எம்இஏ 0183 தரநிலையில் ஒரு வாக்கியம் 82 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பதால் அங்கு அளவைத் தீர்மானிப்பது எளிது. அவ்வாக்கியங்களின் இறுதியில் உடுக்குறிக்குப் பின் ஒரு சரிபார்ப்புத் தொகையும் வரும். வெள்ளவத்தையில் இயங்கும் கருவி அகலாங்கை 0652 என்று தொடங்கி அனுப்பும்போது நடுவில் ஒரு பைட்டு தொலைந்து 062 என்றாகிவிட்டால், அத்தொகையே அதைக் காட்டிக்கொடுக்கும். தராசுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அவற்றின் வரி நீளம் மாறாதது என்றால் நீளத்தையாவது சரிபார்க்க வேண்டும்.

துறையைத் திறந்தவுடன் கிடைக்கும் முதல் வரியை நம்பலாகாது. ஒரு வரியின் நடுவிலேயே நாம் கேட்கத் தொடங்கியிருப்போம் என்பதால், முதல் வரி முடிவுக் குறி வரை உள்ளதைத் தூக்கியெறிந்துவிட்டு அடுத்ததிலிருந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் இதனுடன் இன்னொரு சிக்கலும் உண்டு: துறையைத் திறக்கும்போது, கணினி தயார் என்று அறிவிக்கும் டிடிஆர் கம்பி எழுவதால் பலகை மீளத் தொடங்கி, ஓரிரு வினாடிகள் கழித்தே பேசும்.

வரி முடிவுக் குறியே இல்லாத நெறிமுறைகளில் நிலைமை கடினமாகிறது. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொட்பஸ் ஆர்டியூ நெறிமுறை, மூன்றரை எழுத்து நேர அமைதியைச் செய்தியின் முடிவாகக் கொள்கிறது. 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிவினாடி. யூஎஸ்பி மாற்றியின் வழியே இந்த அமைதியை அளக்க முயல்வது வீண். எஃப்டிடிஐ சில்லுகள், சிறு தரவை உடனே அனுப்பாமல் இயல்பாக 16 மில்லிவினாடி வரை தேக்கிவைத்து ஒரு பொதியாக அனுப்புகின்றன. எஃப்டி232ஆர் சில்லில் 64 பைட்டுப் பொதியொன்றில் முதல் இரண்டு நிலைத்தகவலுக்குப் போக 62 பைட்டுகளே தரவுக்கு மிஞ்சும். கம்பியில் இருந்த இடைவெளிகள் பொதியினுள் அழிந்துபோகின்றன. இல்லாத இடைவெளிகள் பொதிகளுக்கிடையே தோன்றுகின்றன. லினக்ஸில் சிஸ் கோப்பகத்தினுள் உள்ள 'லேட்டன்சி-டைமர்' கோப்பில் 1 என்று எழுதினால் தாமதம் குறையும், இடைவெளிகள் திரும்பி வரமாட்டா. செய்தியின் தொடக்கத்திலுள்ள செயற்குறியீட்டிலிருந்து எத்தனை பைட்டுகள் வரவேண்டும் என்று கணித்து, அத்தனையும் சேர்ந்தபின் செய்தியின் இறுதியில் வரும் சிஆர்சி என்னும் சரிபார்ப்புத் தொகையைக் கொண்டு உறுதிசெய்வதே நிலைத்து நிற்கும் வழி.

பழைய எடை

தராசுகள் இருவகையில் பேசும்: கேட்டால் மட்டும் சொல்வன ஒருவகை, ஓயாது சொல்லிக்கொண்டிருப்பன மற்றொருவகை. இரண்டாவது வகையை, பற்றுச்சீட்டுப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் வாசித்தால், முதலில் கிடைப்பது இப்போதைய எடையாக இராது. லினக்ஸின் முனைய அடுக்கில் 4096 பைட்டுகள் கொள்ளும் பஃபர் ஒன்று இருக்கிறது. 17 பைட்டுகள் கொண்ட வரியை வினாடிக்குப் பத்துமுறை அனுப்பும் தராசு அதனை 24 வினாடிகளில் நிரப்பிவிடும். அதன்பின் வருபவை கீழ் அடுக்குகளில் தேங்கி, இடமில்லாதபோது இழக்கப்படும். பொத்தானை அழுத்தியவருக்கு முன்னைய வாடிக்கையாளரின் மூட்டை எடையே வரிசையின் தலையில் காத்திருக்கும்.

'டிசி-ஃபிளஷ்' சார்பினால் தேங்கியதை அகற்றிவிட்டுப் புதிய வரிக்காகக் காத்திருப்பது ஒரு தீர்வு. நான் விரும்புவது வேறு: வாசிக்கும் லூப் எப்போதும் ஓடி, வந்த ஒவ்வொரு முழு வரியையும் எடுத்து, கடைசி எடையையும் அது வந்த நேரத்தையும் மட்டும் வைத்திருக்க வேண்டும். பொத்தான் அழுத்தப்படும்போது அந்நேரம் அரை வினாடிக்கு உட்பட்டதாகவும், எடை நிலைபெற்றதென்று தராசே குறித்ததாகவும் இருந்தால் ஏற்கலாம். இல்லையேல் எடைக்குரிய கட்டத்தை வெறுமையாக்கிக் காட்ட வேண்டும். நேரத்தை அளக்கச் சுவர்க்கடிகார நேரத்தைப் பயன்படுத்தாமல், பின்னோக்கிச் செல்லாத 'மொனோடொனிக்' கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்; இணைய நேரத்துடன் கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும் கணத்தில் முன்னையது முன்னும் பின்னும் குதிக்கும்.

இந்நேரக் குறிப்புக்கு மற்றொரு பயனும் உண்டு. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட கொழும்புக் கடைகளில் மடிக்கணினிகள் பேட்டரியில் இயங்கிக்கொண்டிருக்கத் தராசு மட்டும் அணைந்துபோவது பழக்கமான காட்சி. மாற்றி யூஎஸ்பியிலிருந்தே மின்னைப் பெறுவதால் துறை மறையாது, 'போல்-ஹப்' எழாது, 'ரீட்' முடிவின்றி 'ஈ-அகெய்ன்' என்றே சொல்லும். பணிசெயல் முறைமையின் பார்வையில் எல்லாம் நலமே. மௌனம் எவ்வளவு நீடித்தது என்பதை நாமே அளந்தால்தான் தராசு அணைந்திருக்கிறது என்று திரையில் சொல்ல முடியும்.

வயர் உண்மையாகவே பிடுங்கப்பட்டால், பூச்சியமோ 'ஈ-ஐஓ' என்னும் உள்ளீடு-வெளியீட்டுப் பிழையோ கிடைத்த மறுகணம் கோப்பு விவரிப்பியை மூடிவிட வேண்டும். மூடாமல் வைத்திருந்தால் இரண்டு தீங்குகள் நேரும்: 'போல்' ஒவ்வொரு முறையும் உடனே திரும்பிச் செயலியை விழுங்கும், மீண்டும் செருகும்போது பழைய இலக்கம் விடுவிக்கப்படாததால் சாதனம் டிடிவை-யூஎஸ்பி1 என்று வேறு பெயரில் வரும். மூடியபின் சேகரிப்புப் பஃபரில் எஞ்சிய அரைவரியையும் அழித்துவிட்டு, ஓரிரு வினாடிகளுக்கொருமுறை மீளத் திறக்க முயன்றால் போதும். அந்த இடைவெளியையும் உறக்கத்தால் நிரப்பாமல் 'போல்' அழைப்பின் கால எல்லையிலேயே வைக்க வேண்டும்.

பைதனிலும் விண்டோஸிலும்

பைதனில் சீரியல் துறைகளைக் கையாளும் பைசீரியல் நூலகத்தில் 'டைம்அவுட்' மதிப்பைக் கொடுக்காவிட்டால் வாசிப்பு எல்லையின்றிக் காத்துநிற்கும். பூச்சியம் கொடுத்தால் உள்ளதை மட்டும் தந்து உடனே திரும்பும். பூச்சிய நிலையில் 'ரீட்லைன்' சார்பைப் பயன்படுத்துவது, அரைவரியையும் வரியென்று தந்துவிடும் என்பதால் ஆபத்தானது. வந்து காத்திருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும் 'இன்-வெயிட்டிங்' சொல்லும் அளவை வாசித்து, மேலே சொன்னபடி நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். இந்நூலகம் உள்ளே 'வி-மின்' மதிப்பைப் பூச்சியமாகவே வைக்கிறது என்றாலும், தயார் என்று அறிவிக்கப்பட்ட துறை வெறுமையாக இருப்பதைக் கண்டால் அது பிழையொன்றை எழுப்பும். அப்பிழையை விழுங்கிவிடாமல் துண்டிப்பாகக் கையாள வேண்டும்; ஒரே துறையை இரண்டு செய்நிரல்கள் திறந்து வைத்திருந்தாலும் அதே பிழை வரும் என்பதால், திறக்கும்போது 'எக்ஸ்குளூசிவ்' அமைவை இட்டுக்கொள்வது நல்லது. லினக்ஸில் இத்துறையின் விவரிப்பியை, பல வேலைகளை ஒரே இழையில் கவனிக்கும் பைதனின் 'அசிங்க்ஐஓ' லூப்பில் வாசிப்பாளராக நேரடியாகச் சேர்க்கலாம்.

விண்டோஸில் அது இயலாது. அங்கு 'போல்' போன்று காத்திருக்கும் 'செலெக்ட்' அழைப்பு வலையமைப்பு இணைப்புகளுக்கு மட்டுமே உரியது. தனி இழையொன்றில் 0.2 வினாடி எல்லையுடன் வாசித்து, முழு வரிகளை வரிசையொன்றில் இட்டு, திரையை இயக்கும் இழை அவ்வரிசையை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதே எளியது. திரைப் பயன்பாடுகளை எழுத உதவும் கியூடி நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு 'கியூ-சீரியல்-போர்ட்' வகுப்பின் 'ரெடி-ரீட்' சமிக்ஞை இரு முறைமைகளிலும் இதே வேலையைச் செய்து தருகிறது.

சோதனை

தராசு கையில் இல்லாமலேயே பெரும்பகுதியைச் சோதிக்கலாம். 'சோகேட்' என்னும் கருவி ஒன்றோடொன்று இணைந்த இரு போலி முனையங்களை உருவாக்கித் தரும். ஒன்றைச் செய்நிரலுக்குக் கொடுத்து, மற்றையதில் அரைவரியை எழுதி, ஐந்து வினாடி பொறுத்து மிகுதியை எழுதிப் பார்க்க வேண்டும். திரை உறையாமலும் எடை பிழையாகாமலும் இருந்தால், மூன்று வரிகளை ஒரே எழுதும் அழைப்பில் தள்ளிப் பார்க்கலாம். போலி முனையங்களில் வேகமும் பரிட்டியும் பொருளற்றவை என்பதால் அவற்றையும் துண்டிப்பையும் உண்மையான மாற்றியில்தான் சோதிக்க வேண்டும். மாற்றியின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால், எழுதியது அப்படியே திரும்பி வரும். அந்நிலையில் யூஎஸ்பியைப் பிடுங்கி, 'டொப்' கட்டளையில் செய்நிரலின் செயலிப் பயன்பாடு ஏறுகிறதா என்றும், ப்ரொக் கோப்பகத்தில் அதன் விவரிப்பிகளுள் அழிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்ட துறை ஏதும் எஞ்சியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, மீண்டும் செருகி அதே பெயரில் வருவதை உறுதிசெய்ய வேண்டும்.